துண்டுக்குள் பேசிய வாடகை

போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். வேலையில் சேர்ந்து இன்னும் முதல் சம்பளம்கூட வாங்காத புதுசு. "மேடம், நாம கட்டற பில்டிங்ல எந்தக் கடைக்கு எவ்ளோ வாடகை, யாரு எடுத்திருக்காங்க, எல்லாத்தையும் ஓப்பனா ஒரு போர்டுல போட்டுட்டா நல்லதுதானே?" என்று கேட்டாள். எந்த ஊரில் என்றேன். குடியாத்தம் என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அவள் முகம் சுருங்கியிருக்க வேண்டும். "அப்புறம் பேசறேன் மேடம்" என்று வைத்துவிட்டாள். அவளைக் கேலி செய்து சிரிக்கவில்லை. எனக்கு ஆம்பூர் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதையை அவளுக்கு மட்டும் சொல்வதைவிட, அவளைப் போலப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

நான் ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். வேலைக்காலம் முழுவதும் சென்னை. கட்டட நிறுவனங்களில் இருந்துகொண்டு அவற்றுக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்வதும், வாங்கிய கடன் ஒழுங்காகக் கட்டடமாக மாறுகிறதா என்று பார்ப்பதும்தான் தொழில். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் பார்த்த பெரிய வேலை, ஆம்பூர் ஊர் நடுவில் எழும்பிய வளாகம். கீழே இரண்டு தளம் கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், பின்பக்கம் குடியிருப்பு, ஓரமாக ஷூ கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்க ஒரு சின்ன ஹோட்டல். ஆம்பூருக்கு எதற்கு இவ்வளவு பெரிசு என்று சென்னையில் சிலர் கேட்டார்கள். அவர்கள் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட மட்டும் இறங்கியவர்கள். சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு ஷூ கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வருவதைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிலம் நசீர் பாயுடையது. அவர் குடும்பத்துத் தோல் பதனிடும் ஷெட் அங்கேதான் இருந்தது. ஷெட்டை மூடி, இடத்தைச் சுத்தம் செய்து, எங்கள் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து நிலத்தைக் கொடுத்திருந்தார். கட்டி முடித்ததும் வாடகையில் அவருக்கும் பங்கு. ஆனால் கடனுக்காக அந்த நிலமும், அவர் குடியிருந்த வீடும் வங்கியில் அடமானமாக இருந்தன. கட்டடம் பாதியில் நின்றால் எங்கள் நிறுவனத்துக்கு நஷ்டம், அவ்வளவுதான். அவருக்கோ இருப்பது மொத்தமும் போய்விடும். இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காலையில் சைட்டுக்கு வந்து, "இன்னா மேடம், கம்பி ஏறுதா?" என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்.

வங்கி மொத்தக் கடனையும் ஒரே மூச்சில் தராது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கட்டடம் ஏற ஏறப் பகுதி பகுதியாக விடும். எங்களுக்கு இரண்டாம் பகுதிக்கு வைத்த நிபந்தனை இதுதான்: இத்தனை கடைகளுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் ஆகியிருக்க வேண்டும், அவற்றின் மொத்த வாடகை ஒரு தொகைக்குக் கீழே போகக் கூடாது. முதல் பகுதிப் பணம் தீர்ந்துகொண்டு வந்தது. கான்ட்ராக்டர் ஏற்கெனவே ஆட்களில் பாதிப் பேரை வேலூர் சைட்டுக்கு மாற்றிவிட்டார்.

இருந்தாலும் நான் தெம்பாகத்தான் இருந்தேன். ஊர் வியாபாரிகள் எல்லோரும் வாய்வார்த்தையாகச் சரி சொல்லியிருந்தார்கள். முக்கியமாக அமல்தாஸ். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், தொழிலையும் பாத்திரக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஷெட்டின் ரோட்டுப் பக்கச் சுவரை ஒட்டி இருந்த கடை வரிசையில் அவர் பல வருடம் வியாபாரம் செய்தவர். அந்த வரிசையை இடித்தபோது, புதுக் கட்டடத்தில் உங்களுக்குத்தான் முதல் இடம் என்று நசீர் பாய் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். அமல்தாஸ் தற்காலிகமாகப் பக்கத்துச் சந்தில் கடையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நாம இல்லாம பில்டிங் ஏது மேடம்? சாவிய ரெடி பண்ணுங்க" என்பார்.

கடைகளை வாடகைக்கு விடும் பொறுப்பு திவ்யாவிடம் இருந்தது. சென்னையிலிருந்து வந்தவள், படு சுறுசுறுப்பு, எதையும் நாளைக்கு என்று தள்ளிவைக்காத ரகம். வாய்வார்த்தையைக் கையெழுத்தாக மாற்ற அவள் ஒரு யோசனை சொன்னாள். எங்கள் விற்பனை அலுவலகச் சுவரில் பெரிய போர்டு. அதில் கட்டடப் படம், ஒவ்வொரு கடைக்கும் சதுர அடிக்கு எவ்வளவு என்று ஒரே ரேட், பக்கத்தில் எடுக்கப் போகிறவரின் பெயர். கையெழுத்துப் போட்டவருக்குப் பச்சை ஸ்டிக்கர், முன்பணம் மட்டும் கொடுத்தவருக்கு மஞ்சள், இன்னும் எதுவும் செய்யாதவருக்குச் சிவப்பு. எனக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. பெரியவர், சின்னவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே ரேட் என்பது எவ்வளவு நேர்மை! போர்டைத் திறந்துவைக்க விருந்தே வைத்தோம்.

வியாபாரிகள் எல்லோரும் வந்தார்கள். போர்டைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரையும் பார்க்காமல் பிரியாணியைச் சாப்பிட்டார்கள். கை கழுவியதும், "வர்றேன் மேடம்" என்று வேகமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் போர்டின் போட்டோ ஊர் வாட்ஸ்அப் குரூப்புகள் எல்லாவற்றையும் சுற்றிவந்துவிட்டது. விளம்பரம் இலவசமாகக் கிடைத்தது என்று திவ்யா குதித்தாள்.

மறுநாளிலிருந்து யாரும் போனை எடுக்கவில்லை. எடுத்தவர்களும் ஊரில் இல்லை. ஒருவர் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார், ஒருவருக்குத் திடீரென்று முதுகுவலி, ஒருவர் "வீட்ல கலந்துக்கினு சொல்றேன்" என்றார். அவர் வீட்டில் கலந்துகொண்டு எதையும் செய்கிறவர் இல்லை என்பது ஊருக்கே தெரியும். பச்சை ஸ்டிக்கர் வாங்கியவர்களில் இரண்டு பேர் கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டார்கள். அமல்தாஸ் என்னைக் கடைத்தெருவில் தூரத்தில் பார்த்ததுமே, வேலையே இல்லாமல் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்துகொண்டார்.

நசீர் பாய் வந்தார். அன்றைக்குக் கம்பி ஏறுகிறதா என்று கேட்கவில்லை. போர்டுக்கு முன்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? ஊர் மானத்த செவுத்துல மாட்டி வச்சிருக்கீங்களே!"

"எல்லாருக்கும் ஒரே ரேட்தான் பாய். யாரையும் ஏமாத்தல. அதுல இன்னா தப்பு?" என்றேன். எனக்கும் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது.

"ரேட்ட விடுங்க மேடம். செவப்பு ஸ்டிக்கர் யாருக்கு? இன்னும் காசு கட்டாதவனுக்கு. ஏன் கட்டலன்னு ஊரு பேசும். கையில இல்ல போலன்னு பேசும். நாளைக்கு எவன் அவனுக்குக் கடனுக்குச் சரக்கு போடுவான்?"

"அப்ப பச்சை ஸ்டிக்கர் நல்லதுதானே சார்?" என்றாள் திவ்யா.

"அது அதவிட பேஜார்மா. இவ்ளோ வாடகை குடுக்கறானே, ஜாஸ்தி சம்பாதிக்கறான் போலன்னு சொந்தக்காரன் பூரா வாசல்ல வந்து நிப்பான். பொண்ணு எடுக்க வர்றவன் வரதட்சணைய ஏத்திக் கேப்பான். கையெழுத்துப் போட்டவனும் செத்தான், போடாதவனும் செத்தான்."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பக்கத்திலிருந்த எங்கள் டிரைவரின் கையைப் பிடித்து, இரண்டு கைகளையும் துண்டால் மூடினார். பதனிடாத பச்சைத் தோல் வாங்கி விற்பவர்கள் இப்படித்தான் விலை பேசுவார்கள் என்றார். விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடிப்பதில் இருக்கிறது எவ்வளவு என்பது. சுற்றி எத்தனை பேர் நின்று வேடிக்கை பார்த்தாலும், என்ன கேட்டார், என்ன கொடுத்தார் என்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"ஒத்துக்கினா துண்ட எடுத்துட்டு சிரிப்பான். ஒத்துக்கலன்னாலும் துண்ட எடுத்துட்டு சிரிப்பான். பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது. என்னால முடியாதுப்பான்னு ஒருத்தன் சொல்றதுக்கு எடம் வேணும் மேடம். நீங்க அத எடுத்துட்டீங்க."

நான் அதுவரை ரகசிய விலை என்றால் அதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்றே நினைத்துப் பழகியவள். இவர் சொன்னது வேறு. அன்றைக்கே போர்டைக் கழற்றினோம். ஆனால் கழற்றினால் மட்டும் போதுமா? பார்த்த கண்களை என்ன செய்வது? மறுபடியும் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும், அதுவும் அவர்கள் முறையில். சிக்கல் என்னவென்றால் என்னால் பேச முடியாது. என் கையைப் பிடித்துத் துண்டுக்குள் பேரம் பேச அந்த ஊரில் எந்த பாயும் வரமாட்டார். அமல்தாஸ் வருவார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் மனைவி அதற்கப்புறம் அவருக்குச் சோறு போடமாட்டார்.

பேசினால் நசீர் பாய்தான் பேச வேண்டும். அதாவது அவர் துண்டுக்குள் பேசி முடிப்பதற்கு நான் வெளியே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். சென்னையில் எங்கள் மேலதிகாரியிடம் சொன்னபோது, "கண்ணைக் கட்டிட்டு கையெழுத்து போடப் போறீங்களா?" என்று கத்தினார். "கண்ணை இல்ல சார், கையைத்தான் மூடறோம்" என்றேன். அவர் ரசிக்கவில்லை.

ஆனால் நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வங்கி கேட்டது இரண்டே விஷயம்: இத்தனை கடை, இவ்வளவு மொத்தம். எல்லாக் கடைக்கும் ஒரே ரேட் இருக்க வேண்டும் என்று வங்கி கேட்கவே இல்லை, அது நாங்களாகச் சேர்த்துக்கொண்ட அழகு. மொத்தத்தை நசீர் பாயிடம் சொன்னேன். அது குறைந்தால் ஒரு கையெழுத்தும் போடமாட்டேன் என்றும் சொன்னேன். யாரிடம் கூட்டுவது, யாரிடம் குறைப்பது என்பதை அவரிடம் விட்டேன். வீட்டையே அடமானம் வைத்தவர் கையைவிட அந்த வேலைக்குப் பத்திரமான கை எது?

பூச்சு வேலை முடியாத கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொருவராக வந்தார்கள். நானும் திவ்யாவும் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்கு வேலைக்காலத்தில் கிடைத்ததில்லை. ஒரு ஷூ வியாபாரி பாகற்காய் கடித்த முகத்தோடு எழுந்து வந்தார், பார்த்தால் போர்டில் போட்டதைவிடக் கூடுதலாக ஒப்புக்கொண்டு மூலைக் கடையைப் பிடித்திருந்தார். துணிக்கடைக்காரர் ஒருவருக்குத் துண்டுக்குள்ளேயே கூச்சம் வந்து, கையை உதறிக்கொண்டு சிரித்தார். கடைசியாக வந்தவர் அமல்தாஸ்.

அவர் கை துண்டுக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. நசீர் பாய் முகத்தை அவர் பார்க்கவில்லை, மேலே தொங்கிய ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நசீர் பாயும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு துண்டு விலகியது. இருவரும் சிரித்தார்கள். "டீ சொல்லுங்க மேடம்" என்றார் அமல்தாஸ் சத்தமாக.

கூட்டிப் பார்த்தால் மொத்தம் வங்கி கேட்டதற்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. கடைகளின் எண்ணிக்கையும் சரியாக, ஒன்றுகூட மிச்சமில்லாமல் சரியாக வந்தது. அமல்தாஸ் கடை வாடகை மட்டும் போர்டில் போட்டதில் பாதிகூட இல்லை. பார்த்தேன், ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

வங்கி அதிகாரி வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் நம்பாதவர். நல்ல வங்கி அதிகாரிகள் அப்படித்தான் இருப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அமல்தாஸ் ஒப்பந்தத்தில் நின்றார்.

"இது மட்டும் ஏன் மேடம் பாதி?"

"பேசி முடிச்ச வாடகை சார். காரணம் எனக்குத் தெரியாது."

"காரணம் தெரியாம இதைக் கணக்குல சேத்துக்க முடியாது. கடை பக்கத்துச் சந்துலதானே? நானே போய் வரவு செலவைப் பாத்துட்டு வந்துடறேன்."

எழுந்தும்விட்டார். வாசலில் வங்கியின் பெயர் எழுதிய கார் நின்றது. அந்தக் கார் அமல்தாஸ் கடை முன்னால் நிற்பதும், ஃபைலோடு ஒருவர் இறங்கிக் கணக்கு கேட்பதும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சிவப்பு ஸ்டிக்கர் அதற்குத் தேவலை. அவரைப் போகவிடாவிட்டாலோ, அந்த ஒரு கடை கணக்கில் சேராது, எண்ணிக்கை குறையும், பணம் வராது, கான்ட்ராக்டர் மிச்ச ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு நசீர் பாயை மாடிப்படி ஓரத்துக்குக் கூட்டிப் போனேன். "உங்களுக்குக் காரணம் தெரியும்ல பாய்? அவர்கிட்ட மட்டும் ரகசியமா சொல்லிடுங்க. உங்க வீடு பாய் அது!"

"தெரியும் மேடம்" என்றார். சுண்ணாம்பு படிந்த படியைக் காலால் தேய்த்தார். "சொன்னா எனக்கு வீடு மிஞ்சும். அவனுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"இவர் ஃபைல்ல எழுதிக்குவார், அதத் தாண்டி வெளிய போகாது பாய்."

"துண்டுக்குள்ள பேசுனது மேடம். ஃபைலுக்கு வராது."

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. இந்த மனிதருக்கு வீட்டில் யாரும் இல்லையா, பெண்டாட்டி பிள்ளைகளை நினைக்க மாட்டாரா என்று இருந்தது. அதே நேரம், இப்படி ஒருவரோடு வேலை செய்யக் கொடுத்துவைத்திருக்கிறேனே என்று பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கேதான், பிள்ளைகளே, கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருந்தது. அதிகாரி கேட்பது ஒன்று, அவருக்கு உள்ளே இருக்கும் பயம் வேறொன்று. பாதி வாடகையால் வங்கிக்கு நஷ்டம் இல்லை, மொத்தம் வந்துவிட்டது. அப்படியானால் இவருக்கு என்னதான் பயம்? திரும்பிப் போய் அவரிடமே கேட்டேன்.

"சார், காரணத்தை விடுங்க. உங்களுக்கு எது உறுத்துது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எண்ணிக்கையைக் காட்டறதுக்காக யாரையாவது புடிச்சு, பேருக்குக் கடைன்னு கையெழுத்து வாங்கிடறாங்க மேடம். எத்தனை எடத்துல பாத்திருக்கேன்! வாடகை இவ்ளோ கம்மின்னா எனக்கு அதான் தோணும். இந்த ஆள் நிஜமாவே வியாபாரியா?"

"அவ்ளோதானா? அப்ப கணக்கு கேக்காதீங்க. காரையும் ஃபைலையும் இங்கயே விட்டுட்டு, நடந்து போய் ஒரு பாத்திரம் வாங்குங்க."

அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திவ்யாவோடு கிளம்பினார். நசீர் பாயும் நானும் காத்திருந்தோம். அவர் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அதிகாரி ஒரு பெரிய இட்லிப் பானையோடு திரும்பி வந்தார். வேர்த்திருந்தது. "வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கு மேடம். எப்படி வாங்கினேன்னே தெரியல" என்றார். "எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், ஒத்த ரூபா குறைக்கலையே அந்த மனுஷன்! தட்டு தனியா வாங்கிக்கங்கன்னு அதையும் தலையில கட்டிட்டாரு."

"வியாபாரிதானா சார்?" என்றேன்.

"சந்தேகமே இல்ல" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. வெளிப்படையாக இருங்கள், வங்கியிடம் ஒன்றையும் ஒளிக்காதீர்கள். எந்த ஒப்பந்தத்தையும் நாங்கள் ஒளிக்கவில்லை, வாடகை எல்லாம் அந்த அதிகாரியின் கண் முன்னால்தான் இருந்தது. ஆனால் வங்கிக்குக் காட்ட வேண்டியதைக் கடைத்தெருவுக்குக் காட்டாதீர்கள். ஒருவர் காரணம் கேட்டால், அவருக்கு வேண்டியது காரணம்தானா என்று முதலில் பாருங்கள். குடியாத்தத்துப் பெண்ணே, போர்டு வேண்டாம்மா.

திறப்பு விழா அன்றைக்குக் கூட்டம் அள்ளியது. நசீர் பாய் புதுச் சட்டையில், வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருந்தது, ஆனால் திரும்பி வந்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அமல்தாஸ் கடையைப் பார்க்கப் போனேன். பாத்திரங்கள் பளபளவென்று மேல்தட்டு வரை அடுக்கியிருந்தன. அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். சென்னையிலிருந்து இவருக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி என்று அறிமுகம் செய்துவைத்தார். அந்த மனிதர் கடையை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தார்.

அமல்தாஸ் திடீரென்று குரலை உயர்த்தினார். பக்கத்துக் கடைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த மேடம் இருக்காங்களே, பாவ புண்ணியம் பாக்காதவங்க! இந்த பில்டிங்லயே எனக்குத்தான் ஜாஸ்தி வாடகை. எவ்ளோ கெஞ்சுனேன், ஒத்த ரூபா குறைச்சாங்களா கேளுங்க!"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சிரித்த வாய் அப்படியே இருந்தது, கண் மட்டும் என்னை விட்டு நகரவில்லை. நசீர் பாய் வாசலில் நின்றுவிட்டார்.

"உங்களால முடியும் சார்" என்றேன், அதே சத்தத்தில். "முடியறவங்ககிட்டதானே நான் கேக்க முடியும்?"

வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார், அமல்தாஸைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப தீபாவளிச் சரக்க எப்ப ஏத்தி விடட்டும்?"